சம்பந்தி வீட்டு வேன்

மீட்டர் என்று சொன்னால்தான் அவரை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. வண்டி திணறிக்கொண்டு வந்தால் மற்ற பட்டறைகளில் முதலில் ஸ்பேனரை எடுப்பார்கள். இவர் முதலில் கரண்ட் அளக்கும் மீட்டரை எடுப்பார். சிவப்பு முனையை ஒரு பக்கம், கறுப்பு முனையை ஒரு பக்கம் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் படிப்பார். அதற்குப் பிறகுதான் எந்தப் பாகத்தின் மேலும் கை படும். "கழட்டி மாட்டறதுக்கு மெக்கானிக் எதுக்கு, ஒரு குரங்கு போதுமே" என்று வாய் கூசாமல் சொல்வார். அதனால் சுற்று வட்டாரத்து மெக்கானிக்குகள் யாருக்கும் அவரைக் கண்டால் ஆகாது. ஆனால் அவர்கள் கைவிட்ட வண்டிகள் கடைசியில் அவர் வாசலில்தான் வந்து நின்றன.

பட்டறை டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. இரண்டு வண்டி நிற்கலாம்; மூன்றாவது வந்தால் முதல் வண்டியின் கதவைத் திறக்க முடியாது. ஓரத்தில் ஒரு சின்ன அறையில் அவருடைய மனைவி தையல் மெஷின் போட்டு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள், கல்யாணமான ஆறாவது மாதம் வேலையை விட்டாள். குழந்தை பிறந்த பிறகு, திரும்பப் போகவில்லையா என்று ஒருமுறை அவர் கேட்டார். "குழந்தை கொஞ்சம் வளரட்டும்னு சொல்றாங்கப்பா" என்றாள். சொல்கிறவர்கள் யார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சம்பந்தி ஒரு பெரிய கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நலம் விசாரித்தால்கூட கையெழுத்து வாங்கிக்கொண்டு சாமான் எடுத்துக் கொடுப்பதுபோலத்தான் பதில் சொல்வார். மாப்பிள்ளைக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மாப்பிள்ளைக்கு ஒரு தங்கை. இவர்களோடு எட்டுப் பேர் உட்காரும் வெள்ளை வேன் ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. எங்கே போனாலும் குடும்பத்தோடு அதில்தான் போவார்கள். பெண் கேட்டு வந்ததும் அதில்தான். கதவு நகர்ந்து திறக்க, ஒவ்வொருவராகச் சிரித்தபடி இறங்கியதைப் பார்த்துவிட்டு, "ஒரே வண்டில ஒண்ணாப் போற குடும்பம். நம்ம பொண்ணு நல்லா இருப்பா" என்று அன்றைக்கே முடிவு கட்டியவர் மீட்டர்தான். மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சரி சொல்லிவிட்டார்.

அந்த வேனுக்குத்தான் கோளாறு வந்தது. போய்க்கொண்டிருக்கும்போதே உதறும். முன்னால் எஞ்சின் விளக்கு மினுங்கும். ஒரு நிமிடத்தில் எதுவும் நடக்காததுபோல ஓடும். சம்பந்தி உடனே மீட்டரிடம் வந்துவிடவில்லை. கண்ணாடிக் கதவும் காத்திருப்போருக்கு நாற்காலியும் உள்ள பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், பிறகு நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றினார்கள். உதறல் நிற்கவில்லை. கடைசியில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அப்போதுதான் சம்பந்திக்கு உறவு ஞாபகம் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் வேன் பட்டறைக்குள் நுழைந்தது. மாப்பிள்ளை இறங்கவில்லை. சம்பந்தி இறங்கி, கையிலிருந்த தாளைப் பார்த்து, மாற்றிய சாமான்களை வரிசையாகச் சொன்னார்.

"இதெல்லாம் மாத்தறதுக்கு முன்னாடி யாராவது அளந்து பாத்தாங்களா?" என்றார் மீட்டர்.

"அதெல்லாம் நமக்கெப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

மீட்டர் கோளாறைப் படித்துச் சொல்லும் கருவியை வேனில் செருகிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டர், இன்ஜெக்டர் மின்பாதை என்று காட்டியது. இன்ஜெக்டர் என்பது விரல் நீளப் பாகம். பெட்ரோலைச் சிலிண்டருக்குள் தூவுவது அதுதான். அதற்கு இரண்டே கம்பிகள். ஒன்றில் எப்போதும் கரண்ட் இருக்கும். இன்னொன்றைக் கம்ப்யூட்டர் பெட்டி தொட்டுத் தொட்டு விடும்போதெல்லாம் அது திறந்து மூடும். அவர் நான்கையும் மீட்டர் வைத்து அளந்தார். நான்கும் ஒரே அளவு. கரண்ட் வந்து சேர்கிறதா என்று பார்த்தார், வந்தது. எஞ்சினை ஓடவிட்டுக் கம்பிகளை அசைத்தார், பிளக்குகளைத் திருகிப் பார்த்தார். வேன் நல்ல பிள்ளையாக ஓடியது.

"எப்ப வருது?" என்றார்.

"மேம்பாலம் ஏறும்போது" என்றார் சம்பந்தி.

"எத்தனை பேர் இருக்கும்போது?"

சம்பந்தி யோசித்தார். "நான் தனியாப் போனா வர்றதில்ல. எல்லாரும் போனாத்தான் வருது."

"அப்ப நாளைக்கு எல்லாரையும் ஏத்திக்கிட்டு வாங்க. எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே வாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை ஓட்டினார். பக்கத்தில் சம்பந்தி. நடு வரிசையில் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையின் தங்கையும், நடுவில் அவர்களுடைய கைப்பைகள். கடைசி வரிசையில், மடக்கி வைக்கும் சீட்டில், மகளும் இரண்டு வயதுப் பேத்தியும். காலடியில் தண்ணீர்க் கேன், ஸ்டெப்னி டயர், குடைகள். அப்பாவைப் பார்த்து மகள் சிரித்தாள். இறங்க அவளுக்கு வழியில்லை. நடுச்சீட்டை மடக்கினால்தான் இறங்கலாம். யாரும் மடக்கவில்லை.

மீட்டர் ஓர் அட்டையில் இரண்டு சின்ன பல்புகளை ஒட்டி வைத்திருந்தார். ஒன்றின் கம்பியை இரண்டாவது இன்ஜெக்டரிலும், மற்றதன் கம்பியைத் தகராறு செய்யும் மூன்றாவதிலும் சேர்த்து, பானெட் இடுக்கு வழியாகவும் கதவின் ரப்பர் வழியாகவும் வண்டிக்குள் கொண்டுவந்தார். இன்ஜெக்டருக்குக் கரண்ட் போகும்வரை பல்பு துடித்துக்கொண்டிருக்கும். கம்பி எங்கேயாவது விட்டுப்போனால் அந்த பல்பு மட்டும் அணையும். கம்பி முன்சீட்டின் முதுகுவரைதான் எட்டியது. முன்சீட்டில் உட்காருங்கள் என்று யாராவது சொல்வார்கள் என்று ஒரு கணம் நின்றார். சம்பந்தி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மீட்டர் ஒரு சாக்கை மடித்துத் தரையில் போட்டு, முன்சீட்டுக்கும் நடுச்சீட்டுக்கும் இடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சம்பந்தியம்மா காலை லேசாக இழுத்துக்கொண்டாள்.

முதல் பத்து நிமிடம் எல்லோரும் மரியாதையாகவே இருந்தார்கள். பட்டறை எப்படிப் போகிறது, மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் பல்பிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்", "ம்" என்றார். பிறகு கேள்விகள் நின்றன. தரையில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதையே மெல்ல மெல்ல மறந்துபோனார்கள்.

பேத்தி சிணுங்கினாள். சம்பந்தியம்மா திரும்பாமலே, "ஷார்ட்டு, அதைக் கொஞ்சம் அடக்கு. தலை வலிக்குது" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று மீட்டருக்கு முதலில் புரியவில்லை.

"ஷார்ட்டு அண்ணி தூங்கிட்டாங்க போல" என்று தங்கைக்காரி சிரித்தாள். "அப்பா ஊரு வண்டியெல்லாம் ஓட வைக்கறாரு. பொண்ணுக்கு மட்டும் மூளையில ரெண்டு வயரு ஒட்டி ஷார்ட் ஆயிடுச்சு."

மாப்பிள்ளையும் சிரித்தார். அதில் புதுசு எதுவும் இல்லை, பலமுறை சிரித்துப் பழகிய சிரிப்பு. பின்னால் மகள் குழந்தையின் முதுகைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. மீட்டர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் துடித்துக்கொண்டிருந்தன.

மேம்பாலம் தெரிந்தது. மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை மிதித்தார். "கொஞ்சம் மெதுவாப் போங்க, பாப்பாக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

"அப்பா கூட வந்ததும் வாய் நீளுதோ?" என்றார் மாப்பிள்ளை, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல். "பொத்திக்கிட்டு உக்காரு."

குரலில் கோபம் இருந்திருந்தால் மீட்டர் தாங்கியிருப்பார். கோபம் இல்லை. ஜன்னலைச் சாத்து என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தக் கணத்தில் வேன் உதறியது. மூன்றாவது இன்ஜெக்டரின் பல்பு அணைந்தது.

"போச்சு" என்றார் மீட்டர்.

"கண்டுபிடிச்சிட்டாரு" என்றார் சம்பந்தி.

பாலத்தின் இறக்கத்தில் ஓரமாக நிறுத்தினார்கள். பேத்தி அதற்குள் வாந்தி எடுத்திருந்தாள். மீட்டர் பானெட்டைத் தூக்கினார். மாப்பிள்ளையை பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கியரில் போட்டு லேசாக ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். எஞ்சின் பின்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபோது இன்ஜெக்டருக்குப் போகும் கம்பிக்கற்றை ஓர் இரும்புத் தகட்டின் மேல் கொடிக்கயிறு மாதிரி விறைத்தது. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, கற்றையைப் பிரித்து, ஒவ்வொரு கம்பியாக விரல்களுக்கிடையில் பிடித்து இழுத்தார். ஒன்று மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது.

"இதுதான். வெளிய தோல் இருக்கு, உள்ள செம்பு அறுந்துபோச்சு" என்றார். "சும்மா நின்னா முனை ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். பாரம் ஏறி எஞ்சின் சாஞ்சா விட்டுடும். எஞ்சினைத் தாங்கற ரப்பர் மவுண்ட் எப்பவாவது மாத்தினீங்களா?"

"போன வருஷம்."

"அப்ப மாட்டினவன் கம்பியை தகட்டுக்கு வெளிப்பக்கமா இழுத்துக் கட்டிட்டான். இன்ஜெக்டர் மேல ஒரு தப்பும் இல்ல. கம்ப்யூட்டர் மேலயும் தப்பு இல்ல."

பட்டறைக்குத் திரும்பினார்கள். அறுந்த இடத்தை வெட்டி, ஒரு சாண் புதுக் கம்பி சேர்த்துப் பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் குழாயை ஏற்றிச் சூடு காட்டி இறுக்கினார். கற்றையைத் தகட்டுக்கு உள்பக்கமாகக் கொண்டுபோய், இரண்டு விரல் தளர்வு விட்டுக் கட்டினார். மற்றவர்கள் டயர் கடை நிழலில் நின்று டீ குடித்தார்கள். மகள் மட்டும் குழாயடியில் குழந்தையின் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். அவர் கையைக் கழுவுகிற சாக்கில் அங்கே போனார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"அந்தப் பேரு."

அவள் சட்டையைப் பிழிந்தாள். "விளையாட்டுக்குக் கூப்பிடறதுப்பா. நீங்க ஒண்ணும் கேட்டுடாதீங்க. நீங்க கேட்டுட்டுப் போயிடுவீங்க. நான்தான் அதே வண்டில திரும்பிப் போகணும்."

அவருக்கு அது காதில் விழுந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார். எல்லோரும் வேனில் ஏறும்போது மாப்பிள்ளையின் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "மாப்பிள்ளை, என் பொண்ணுக்குப் பேர் இருக்கு. அந்தப் பேர்ல கூப்பிடுங்க. அவ பேசினா பொத்திக்கிட்டு உக்காருன்னு சொல்லாதீங்க."

மாப்பிள்ளை சிரித்தார். "வேடிக்கைக்கு மாமா. இதுக்குப் போய் இப்படி."

"உங்க பொண்ணு ஏதாவது குறை சொன்னாளா?" என்றாள் சம்பந்தியம்மா.

"அவ சொல்லல. நான் கேட்டேன். என் காதால."

"ஓசில ஒரு வயரை ஒட்டிக் கொடுத்துட்டா எங்க வீட்டுக்குச் சட்டம் போடலாமா?" என்றாள் அவள்.

சம்பந்தி வேறு எங்கேயோ பார்த்தார். கதவு நகர்ந்து சாத்திக்கொண்டது. கடைசி வரிசையில் மகள் குனிந்து குழந்தைக்கு மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பை ஒரு மூலையில் எறிந்தார். "ஏ மந்தம், தண்ணி கொண்டா" என்றார். மனைவி கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் வருஷமே தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எது சொல்லி எது கேட்டிருக்கீங்க?" என்றாள் அவள். சண்டைக் குரல் இல்லை, துணி அளவு சொல்வதுபோலத்தான் சொன்னாள். "நான் உங்களுக்கு முப்பத்திரண்டு வருஷமா மந்தம். பட்டறையில கஸ்டமர் நிக்கும்போது மந்தம், டீக்கடைக்காரர் வந்தா மந்தம். சிரிப்பாங்க. நீங்களும் சிரிப்பீங்க. பொண்ணு பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருப்பா. அங்க போய் இன்னொரு பேரு வச்சாங்க. அவளுக்கு அதுல என்ன அதிசயம் தெரியும்? புகுந்த வீட்டுக்குன்னு நாம ஒண்ணும் பெரிசாக் கத்துக்கொடுக்கல. இதைத்தான் கத்துக்கொடுத்தோம்."

"நான் விளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதுவரை மகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துபோவாள். அது நின்றது. போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தால் பின்னால் யாரோ நிற்கிற குரலில் பேசினாள். கம்பிக் கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அவர் ஒருநாள் போனார். சம்பந்தி கேட்டைத் திறக்காமலே பேசினார். "வண்டி பட்டு மாதிரி ஓடுது. ஏதாவதுன்னா நாங்களே கூப்பிடறோம்." உள்ளே பேத்தியின் குரல் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார்.

மத்தியான வேளைகளில், அந்த வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், மகள் தாயிடம் போனில் பேசுவாள் என்பது அவருக்குத் தெரியும். தையல் மெஷின் ஓசை நின்றால் போன் வந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு அறைக் கதவருகே போய் நிற்பார். மனைவி போனை அவரிடம் நீட்டியதில்லை. அவரும் கேட்டதில்லை. மனைவியை இப்போதெல்லாம் அவர் எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். அதற்காக அவள் சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து சம்பந்தியிடமிருந்து அழைப்பு வந்தது. வேனில் முன்பக்க ஏசி விசிறி நின்று நின்று ஓடுகிறதாம். பட்டறைக்குக் கொண்டுவர நேரமில்லை, வந்து பார்த்தால் தேவலை. மீட்டர் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தபடி அளந்தார். பெரிய கோளாறு ஒன்றுமில்லை. விசிறியின் எர்த் கம்பி உட்காரும் போல்ட்டில் துரு. சுரண்டித் துடைத்தால் தீர்ந்தது. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். இளைத்திருந்தாள். பேத்திக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வாசலில் சம்பந்தியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்பா என்பதற்கு மேல் பேச முடியவில்லை. ஆனாலும் கால் மணி நேரம் மகள் அவர் கண்முன்னால் நின்றாள்.

போல்ட்டை முறுக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நாற்பது வருஷத் தொழிலில் அவர் அதைச் செய்ததில்லை. ஸ்பேனரால் முறுக்க வேண்டியதை விரலால் முறுக்கிவிட்டார். வண்டி ஆட ஆட அது தளரும். ஆபத்து ஒன்றும் இல்லை. விசிறி நிற்கும், அவ்வளவுதான். பின்வரிசை விசிறியாக இருந்தால் அவர்கள் கூப்பிடமாட்டார்கள். இது முன்வரிசைக்குக் காற்று வரும் விசிறி. கட்டாயம் கூப்பிடுவார்கள். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தபோது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வீடு வரும்வரை ஒரு தெம்பும் இருந்தது.

நாற்பத்தைந்தாம் நாள் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நல்ல வெயில். சம்பந்தியம்மா உள்ளே போயிருந்தாள். மகள் தண்ணீரை வண்டியின் படியில் வைத்துவிட்டு, வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவர் பக்கமாகக் குனிந்தாள்.

"நீங்க பாத்த வண்டி மறுபடி இதே கோளாறோட வராதேப்பா" என்றாள்.

அவள் அவருடைய கையைப் பார்த்தாள், போல்ட்டைப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய் குழாயாகப் பார்த்துப் பழகிய கண்.

"இந்தத் தடவை நல்லா முறுக்கிட்டுப் போங்க. இது நின்னா அன்னிக்கு முழுக்க எல்லாரும் என் மேலதான் எரிஞ்சு விழறாங்க. உங்கப்பன் பாத்த லட்சணம் இதுதானான்னு. போன வாரம் பாதி வழியில என்னையும் பாப்பாவையும் இறக்கிவிட்டுட்டுப் போயிட்டாங்க. வெயில்ல நடந்து வந்தோம்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் மறுபடியும் சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஸ்பேனரால் முறுக்கினார். போதும் என்று கை சொன்ன பிறகும் இன்னொரு கால் சுற்று முறுக்கினார். பிறகு அந்தச் சீட்டுக்கு அடியில் வேறு எந்தக் கம்பியாவது தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அதன்பிறகு அந்த வேனில் எந்தக் கோளாறும் வரவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து அவரை யாரும் கூப்பிடவும் இல்லை.